சூடம் காட்டிய சூப்பர் கார்

தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ, சரியாக நினைவில்லை. தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட மாதம். அப்போது நான் மலாக்காவில், குருபோங்கில் ஒரு கார் ஷோரூமில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தேன். வீடு சிம்பாங் அம்பாட் பக்கத்து எஸ்டேட்டில். இடுப்பு வலியால் அப்பா ரப்பர் மரம் சீவுவதை நிறுத்தியிருந்தார். என் வேலையை நம்பித்தான் வீடு ஓடியது. அந்த வேலைக்குத்தான் நானே சூடத்தைக் கொளுத்தி வைக்கப் பார்த்தேன்.

எங்கள் முதலாளி சீனர். எல்லோரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு எந்தச் சாமியும் சொந்தச் சாமிதான். புது மாடல் ஏதாவது வந்தால் முதலில் அவர் ஊதுபத்தி கொளுத்திக் கும்பிடுவார். பிறகு, "உன் செம்பாயாங்கையும் செய்" என்று என்னையும் பூசைக்குக் கூப்பிடுவார். நான் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தால் திருஷ்டி சுற்றுவேன். கடைசியில் நாலு டயருக்கும் அடியில் பழம் வைத்து நசுக்கினால்தான் அவருக்குத் திருப்தி.

அந்த மாதம் இங்கிலாந்திலிருந்து ஒரு கார் வந்தது. மூன்று நாள் எங்கள் ஷோரூமில் காட்டிவிட்டுக் கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டிய இரவல் கார். பேனரில் சூப்பர் கார் என்று போட்டிருந்ததால் பெரிதாக ஏதோ வரும் என்று நினைத்திருந்தேன். வந்ததோ, என் இடுப்பு உயரம்கூட இல்லை. கூடவே அதை உருவாக்கிய இன்ஜினியர்களில் ஒருவரான வெள்ளைக்காரரும் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், நம் வெயிலில் மூக்கெல்லாம் தோலுரிந்து போன மனிதர். அவர் காரைத் துடைப்பதைப் பார்க்க வேண்டுமே! பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டுவதுபோல அவ்வளவு பதமாகத் துடைப்பார். "வேறு யாரும் தொடக்கூடாது" என்று தவுக்கே எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தொடக்கூடாது என்றால் பூசையும் கிடையாது என்றுதானே அர்த்தம்? எனக்கும் அது புரிந்தது. ஆனால் மனசு கேட்கவில்லை. முதல் நாள் பதினொரு மணிக்கு விழா வைத்து, காரை மூடியிருந்த துணியை விலக்கப் போகிறார்கள். மலாக்காவின் பெரிய மனிதர்கள் அத்தனை பேர் கண்ணும் ஒரே நேரத்தில் அதன்மேல் விழும். திருஷ்டி கழிக்காமல் விடலாமா? அதுவும் கூரைகூட இல்லாத சின்னக் கார். ஹைவேயில் பெரிய பெரிய லோரிகளுக்கு நடுவில் போகப்போகிறது. பாவமாக இருந்தது. வெள்ளைக்காரர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று காலை எட்டு மணிக்குத் துணியைத் தூக்கினேன்.

முன்பக்கம் சந்தனப் பொட்டு வைத்துவிட்டுச் சூடத்தை ஏற்றினேன். அப்போதுதான் எங்கள் மெக்கானிக் அண்ணன் உள்ளே வந்தார்.

"அங்க என்னாம்மா காட்டுற? இதுக்கு இன்ஜின் முன்னால இல்ல. சீட்டுக்கும் பின் டயருக்கும் நடுவுல இருக்கு," என்று சொல்லிவிட்டுச் சட்டை மாற்றப் போய்விட்டார்.

சரி, இன்ஜினுக்குத்தானே காட்ட வேண்டும் என்று பின்னால் போய் மூன்று சுற்று சுற்றினேன். எங்கள் எஸ்டேட்டில் புது லோரி வந்தால், டிரைவர் சூடத்தட்டை பானெட்டின் மேலேயே வைத்துவிடுவார். அது எரிந்து அடங்கும்வரை எடுக்க மாட்டார். சின்ன வயதிலிருந்து பார்த்த பழக்கம். நானும் திருநீறு கொட்டிச் சூடம் ஏற்றியிருந்த மெல்லிய பித்தளைத் தட்டை இன்ஜின் மூடியின் மேல் வைத்துவிட்டு எலுமிச்சம்பழம் எடுக்கப் போனேன்.

பெயிண்ட் கருகும் வாடை வந்தது. ஓடிப்போய்த் தட்டை எடுத்ததில் திருநீறு கொஞ்சம் சிந்தியது. குங்குமச் சிமிழின் மூடி அளவுக்குப் பெயிண்ட் கொப்பளித்திருந்தது.

"ஐயோ, என்னாம்மா பண்ணி வச்சிருக்க! இது லோரி இல்லலா! எடை குறையணும்னு பாடி பூராவும் பைபர்ல செஞ்சிருக்கான். தேச்சாலும் போவாதும்மா," என்று அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது.

நிமிர்ந்தால், வெள்ளைக்காரர் வாசலில் நிற்கிறார். கிட்டே வந்து கொப்புளத்தை ஒரு விரலால் தடவினார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் ஆங்கிலம் கடிதம் டைப் அடிக்க மட்டும்தான் உதவும். "சாரி சார், சேஃப்டி சார், ஃபார் சேஃப்டி" என்று அழுதேன். பாதுகாப்புக்காகக் காருக்கு நெருப்பு வைத்த ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. முகம் மட்டும் அப்படியே வாடிப்போனது. பிறகு, போய் முகம் கழுவிக்கொள் என்று கையால் காட்டினார்.

பத்து மணிக்குத் தவுக்கே வந்து துணியைத் தூக்கிப் பார்த்தார். "யார் செய்தது?" என்று கத்தினார். வெள்ளைக்காரர் கையைத் தூக்கினார். சூடான காப்பிக் கோப்பையை மறந்து வைத்துவிட்டாராம். தவுக்கே அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, காரின் பின்பக்கம் சுவரோரம் வரும்படி நிறுத்தச் சொன்னார்.

விழா நன்றாகத்தான் நடந்தது. துணி விலகியதும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என்னால்தான் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. காப்பிக் கதை பரவி, சேல்ஸ் பையன்கள் அவருக்கு மிஸ்டர் காப்பி என்று பெயர் வைத்துவிட்டார்கள். "சொந்தக் காருக்கே சூடு வச்சிட்டாரு, இவரெல்லாம் என்னா இன்ஜினியர்லா!" என்று என் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று சிரித்தார்கள். வரும் வாடிக்கையாளர்களிடமும் சொன்னார்கள். அவரும் கூடவே சிரித்தார். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு நாள் பொறுத்தேன். வேலை போனால் போகட்டும், அந்தச் சிரிப்பை இனிமேல் கேட்க முடியாது என்றாகிவிட்டது.

மூன்றாம் நாள் மதியம், காரை ஏற்றிப்போக லோரி வந்து நின்றது. நான் தவுக்கேயின் அறைக்குப் போனேன். "அது காப்பி இல்லை தவுக்கே. என் சூடம்தான்," என்றேன்.

அவர் கையெழுத்துப் போடுவதை நிறுத்தவில்லை. "தெரியும்," என்று மலாயில் சொன்னார். "காப்பிக்குள் திருநீறு இருக்குமா? அந்த ஆள் காப்பியே குடிப்பதில்லை. நான்தான் தினமும் அவருக்குத் தேத்தண்ணி வாங்கித் தருகிறேன்."

அவர் நிமிர்ந்து, "செம்பாயாங் முடிந்ததா?" என்று கேட்டார். இல்லை, பாதியிலேயே நின்றுபோனது என்றேன். அப்போதுதான் அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "பாதியில் விட்ட காரையா ரோட்டுக்கு அனுப்பப் பார்த்தாய்?" என்று எழுந்தேவிட்டார்.

எல்லோரையும் கூப்பிட்டார். சேல்ஸ் பையன்கள் முன்னால் நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சூடத்தட்டை அண்ணன் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். என்னை நம்பத் தயாராக இல்லை. நான் பழத்தால் சுற்றி, நாலு டயருக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தேன். வெள்ளைக்காரர் காருக்குள் இறங்கி உட்கார்ந்து, முட்டையின் மேல் ஓட்டுவதுபோல மெல்ல நகர்த்தினார். பழங்கள் நசுங்கின. தலையைத் திருப்பி, "ஓகே? சேஃப்?" என்று என்னிடம் கேட்டார். ஓகே சார் என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. தவுக்கேயிடம் இன்னும் ஒன்பது வருடம் வேலை செய்தேன். அந்தக் கொப்புளத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அன்று நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், தவுக்கேயும் வெள்ளைக்காரரும் கடைசிவரை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு பேர் என்னைத் தாங்கிப் பிடித்திருந்தது தெரியாமல், தவுக்கேயை ஏமாற்றிவிட்டேன் என்ற நினைப்பிலேயே நான் காலத்தை ஓட்டியிருப்பேன்.