பெத்தவளுக்கு ஜெராக்ஸா?

போன வாரம் நாகல் நகரில் என் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சம்பந்தி என்றால், என் மருமகளைப் பெற்றவர். ஊரில் 'செக்ரட்டரி' என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். பாட்டுக் கச்சேரி நடத்துகிற சபாவுக்கு செயலாளர். தலை நரைத்து, பல் விழுந்து... அதுவரைக்கும் அந்த நாற்காலியை விடவில்லையே!

உள்ளே போனால் ஹால் முழுக்கக் காகிதம். நடுவில் ஒரு பெண். சென்னையில் ஏதோ நூலகமாம். செக்ரட்டரி சேர்த்து வைத்ததையெல்லாம் பத்திரப்படுத்தப் போகிறார்களாம். இரண்டு அட்டைப்பெட்டி வைத்திருந்தாள். சபா காகிதம் ஒன்றில் – அது சென்னைக்கு. சொந்தக் காகிதம் இன்னொன்றில் – அது வீட்டுக்கு.

பெரிய பெரிய வித்வான்கள் எழுதிய கடிதமாமே... அப்படி என்னதான் எழுதியிருப்பார்கள்? ராக ரகசியமா? என் கை சும்மா இருக்குமா? ஒன்றை உருவினேன்.

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அந்தப் பெண்ணே வாசித்தாள்: "கச்சேரி அன்று உப்புமா மட்டும் வேண்டாம். வயிறு சொன்னபடி கேட்பதில்லை."

"ஏன் சம்பந்தி, இதுக்கா இம்புட்டுப் பெரிய பெட்டி?"

"சும்மா இருங்கக்கா! அவரு கையெழுத்துக்கே மதிப்புண்டு."

சரி என்று பின்பக்கம் திருப்பினேன். அங்கே இருந்தது என் படிப்புக்கு ஏற்ற எழுத்து. பென்சிலில், கோணல்மாணலாக, 'அம்மா'.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த சம்பந்தியம்மா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். "ஏங்க, இது நம்ம புள்ள மொதமொதல்ல எழுதுனதுல்ல? வித்வான் கடுதாசில கிறுக்கிட்டாள்னு அன்னைக்கு அவள அடிச்சீகளே..."

என் மருமகள் சின்னப் பிள்ளையில் எழுதிய நோட்டு, எடுத்த போட்டோ என்று அந்த வீட்டில் ஒன்றுமே மிஞ்சவில்லை. பரணில் கிடந்து கரையானுக்கு இரையாகிவிட்டது. சபா காகிதம் மட்டும் பீரோவுக்குள். ஊர் வேலைக்கு பீரோ, வீட்டுச் சமாச்சாரத்துக்குப் பரண் – எத்தனை வீட்டில் இப்படி?

அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மேடம், இது முக்கியமான லெட்டர். ஒரிஜினல் எங்ககிட்ட இருக்கட்டும். உங்களுக்கு ஜெராக்ஸ் போட்டுத் தர்றேன்."

"பெத்தவளுக்கு ஜெராக்ஸா?" என்றார் சம்பந்தியம்மா. கண் கலங்கிவிட்டது.

செக்ரட்டரி கடிதத்தைப் பார்க்கிறார். மனைவியைப் பார்க்கிறார். வித்வானா, மகளா?

நான் விடுவேனா? "சம்பந்தி, அன்னைக்கு அந்த வித்வானுக்கு உப்புமாவுக்குப் பதிலா இட்லி ஊத்துனது யாரு?"

மனிதர் கடிதத்தை மனைவி கையிலிருந்து மெல்ல வாங்கி, வீட்டுப் பெட்டியில் வைத்தார். அப்புறம் அந்தப் பெண்ணிடம், "ஜெராக்ஸ நீங்க கொண்டு போங்கம்மா. பின்பக்கத்தையும் எடுத்துக்கங்க... விட்டுறாதீக."

ஆக, என் மருமகள் கிறுக்கினது ஜெராக்ஸாகி, இப்போது சென்னை நூலகத்து ஏசி ரூமில் இருக்கிறது. அவள் மாமியாருக்குத்தான் இன்னும் ஃபேன்!