பம்பருக்கு இரண்டு காது

எங்கள் பட்டறையில் என் அத்தானை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘மறுபடி’ என்றால்தான் தெரியும். போல்ட்டை முறுக்குவார், ஸ்பேனரைக் கீழே வைப்பார், ‘மறுபடி’ என்று தனக்கே சொல்லிக்கொண்டு இன்னொரு தரம் முறுக்கிப் பார்ப்பார். அவர் ஃபிட்டர், நான் வெல்டர். என் அக்காவைக் கட்டிக்கொண்டவர். கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டு, அக்கா சரி என்று சொன்ன பிறகும், ‘மறுபடி சொல்லு’ என்று கேட்ட ஆள் அவர்.

அந்த வார்த்தைக்கு எங்களிடம் ஒரு சட்டமே உண்டு. அவர் ‘மறுபடி’ என்றால் கையில் இருப்பதை அந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்ற கேள்வியெல்லாம் அப்புறம்தான். வீட்டிலும் அதே கதை. அவருடைய மூத்த மகள் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு ஷூ மாட்டும்போது ‘மறுபடி’ என்பார். அவள் கயிற்றை விட்டுவிட்டு எழுந்து நிற்பாள். அக்காவுக்குச் சிரிப்பாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

முப்பது வருடம் சுத்தியல் சத்தம், கிரைண்டர் சத்தம். போன வருடம் அத்தானுக்குக் காது போக ஆரம்பித்தது. முதலில் டிவி சத்தம் கூடியது, பிறகு அவர் குரலும் கூடியது. காது மந்தமானால் தொண்டை பெரிதாகிவிடும் போலிருக்கிறது. ஊருக்கெல்லாம் ‘மறுபடி’ சொன்ன மனிதர் அப்போது பார்த்துத்தான் அந்த வார்த்தையை விட்டார். முன்பு அவர் ‘மறுபடி’ என்றால் அது அதிகாரம். இப்போது சொன்னால் அது கெஞ்சல். அதனால் யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்தேன்? அவர் என்னைத் திட்டும்போது முதுகைக் காட்டிக்கொண்டு பதிலுக்கு முணுமுணுத்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பட்டறைப் பெயிண்டரிடம் சொல்லிச் சிரித்தேன். எனக்கு முன்கோபம் அதிகம். அதை இதற்கெல்லாம் சாக்காகச் சொல்ல முடியாது என்று இப்போது தெரிகிறது.

மழைக்காலம் நெருங்கியது. மூத்தவள் மலைமேல் இருக்கிற வீடுகளுக்கு மருந்து கொண்டுபோகிற ஜீப்பை ஓட்டுகிறாள், தனியாக. போன மழையில் ஓடை கடக்கும் இடத்தில் ஒரு பகல் முழுக்கச் சேற்றில் மாட்டிக்கொண்டாள். இந்தத் தடவை வின்ச் வேண்டும் என்று அப்பாவிடம் ஜீப்பைக் கொண்டுவந்து விட்டாள். ஒரு மோட்டார், ஒரு உருளை, அதில் சுற்றிய இரும்புக் கயிறு, அவ்வளவுதான் வின்ச். கயிற்றை எதிரே உள்ள மரத்தில் மாட்டி, நீள ஒயரின் முனையில் இருக்கிற பொத்தானை அழுத்தினால் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு மேலே வரும்.

வின்ச்சைத் தாங்கப் பழைய பம்பர் போதாது. கனத் தகட்டில் புதிதாகச் செய்தோம். பம்பரின் பின்பக்கம் இரண்டு காது வைப்போம். காது என்றால் ஓட்டை போட்ட இரும்புத் துண்டு. அதன் வழியாகத்தான் போல்ட் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குப் போகும். வின்ச் எந்த ஊர்ச் சரக்காக இருந்தாலும் சரி, இழுப்பு முழுக்க அந்த இரண்டு காதில்தான் வந்து விழும்.

அன்று காலை அத்தான் அந்தக் காதுகளை இரண்டு தடவை திருப்பி வெட்ட வைத்தார். ஒரு நூல் அளவு கூட இருக்கிறதாம். எனக்குத் தலைக்கு ஏறியது. மூன்றாவது தரம் வெட்டி, இடம் பார்த்து, ஒவ்வொரு காதுக்கும் நாலு புள்ளி வைத்தேன். முகமூடியைக்கூடப் போடவில்லை, கண்ணை இறுக்கிக்கொண்டு வைத்தேன். இப்படிப் புள்ளி வைப்பதைப் ‘புடிச்சு வைக்கிறது’ என்போம். துண்டு நகராமல் நிற்கும், அவ்வளவுதான். முழு நீளத்துக்கும் வெல்டை ஓட்டினால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். வெல்டிங் ராடு தீர்ந்துபோயிருந்தது, மறுநாள் ஓட்டலாம் என்று கையுறையைப் பல்லில் கடித்துக் கழற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் அத்தான் வந்து, காது முடிந்ததா என்று கேட்டார். பக்கத்தில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

நான் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடி சொன்னேன்.

“புடிச்சு வெச்சிருக்கேன் அத்தான்.”

அவர் ஒரு நொடி நின்றார். ‘மறுபடி’ என்று கேட்டிருந்தால் இன்னொரு தரம் சொல்லியிருப்பேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் காதில் விழுந்தது ‘முடிச்சு வெச்சிருக்கேன்’. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

முகமூடி போடாததற்குக் கூலி சாயங்காலமே கிடைத்தது. கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல். இரண்டு நாள் ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு இருட்டு அறையில் கிடந்தேன். போனைக்கூடத் தொடவில்லை.

அந்த இரண்டு நாளில் நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். காது முடிந்துவிட்டது, அடித்துவிடு என்று அத்தான் சொல்ல, பெயிண்டர் சொரசொரப்பான கறுப்புப் பெயின்ட்டைத் தடியாக அடித்துவிட்டான். அதற்கடியில் நாலு புள்ளியும் ஒன்றுதான், முழு வெல்டும் ஒன்றுதான். அத்தான் பம்பரை ஏற்றினார், வின்ச்சை வைத்தார். ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று தரம் முறுக்கினார். பேட்டரி ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். முற்றத்தில் ஜீப்பை மெல்ல இழுக்க வைத்துக் கயிற்றை உருளையில் இறுக்கமாகச் சுற்றினார். சமதரையில் இழுப்பதற்கு நாலு புள்ளியே தாங்கும், தாங்கியது. ஸ்பேனரை நம்பாத மனிதர் என் வார்த்தையை நம்பினார்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் பட்டறைக்குப் போனேன். வானம் மூடிக்கிடந்தது. ஜீப் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்தது. வண்டி எங்கே, காதை ஓட்ட வேண்டாமா என்று கேட்டேன். அத்தான் புரியாமல் தலையாட்டினார். அவர் தோளைப் பிடித்து என் முகத்துக்கு நேரே திருப்பினேன்.

“காதுக்குப் புள்ளிதான் அத்தான் வெச்சேன். ஓட்டல.”

அவர் என் உதட்டைப் பார்த்தார். கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. அந்தச் சத்தமும் அவருக்குக் கேட்கவில்லை என்று தோன்றியது. அவள் ஏழு மணிக்கே கிளம்பிவிட்டாள், வழியில் மருந்துகளை ஏற்றிக்கொண்டு ஓடையில் வின்ச்சைப் போட்டுப் பார்க்கப்போவதாகச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள் என்று மட்டும் சொன்னார். அவள் போன் கிடைக்கவில்லை. மலைமேல் எப்போதும் கிடைக்காது.

பட்டறை வேனை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். நான் ஓட்டினேன். வழி முழுக்க அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. பாதி மலையில் மழை பிடித்தது. ஒவ்வொரு வளைவிலும், அடுத்த வளைவில் ஜீப் பத்திரமாக நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒன்றிலும் நிற்கவில்லை. சேற்றில் அவள் டயர் தடம் மட்டும் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

ஓடைக்கு இந்தப் பக்கம் வேன் நின்றது. அந்தக் கரையில் ஜீப் ஏறமுடியாமல் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. பின்சக்கரம் பாதி சேற்றுக்குள். மேலே மரத்துக்கும் பம்பருக்கும் நடுவில் கயிறு விறைத்து நின்றது. அவள் ஜீப்புக்கு முன்னால், கயிற்றை ஒட்டிக் குனிந்துகொண்டு, அது உருளையில் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பொத்தான். ஜீப் அங்குலம் அங்குலமாக ஏறிக்கொண்டிருந்தது.

நான் கத்தினேன். தண்ணீர் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்து, என்னமோ சொல்லிவிட்டுத் திரும்பவும் குனிந்தாள்.

அத்தான் தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு ஆழத்தில் நின்று அந்தப் பெருத்த தொண்டையைத் திறந்தார்.

“மறுபடி.”

ஒரு வருடமாக அவர் சொல்லாத வார்த்தை. அது ஓடையைத் தாண்டிப் போய் அவள் முதுகில் அறைந்த மாதிரி விழுந்தது. பொத்தானை அந்த இடத்திலேயே போட்டாள். யோசிக்கவில்லை, கேட்கவில்லை, சின்ன வயதில் ஷூ கயிற்றை விட்ட மாதிரியே விட்டுவிட்டு, கயிற்றிலிருந்து விலகிப் பத்தடி பக்கவாட்டில் போய் நின்றாள்.

ஜீப் கொஞ்சம் பின்னால் அமுங்கியது. முதலில் ஒரு காது விட்டது, பிறகு மற்றது. பம்பரும் வின்ச்சும் ஒன்றாகப் பிய்ந்து, அவள் குனிந்திருந்த இடத்தின் வழியாகப் பறந்து மரத்தில் மோதின. மரத்தின் பட்டை இரண்டு ஆள் உயரத்துக்கு உரிந்தது. ஜீப் சறுக்கி வந்து ஓடையில் நின்றது.

நாங்கள் அக்கரைக்குப் போனபோது அவள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பிய்ந்து கிடந்த காதைப் புரட்டிப் பார்த்தாள். பட்டறையில் வளர்ந்தவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓட்டாத காதை யார் ஏற்றியது என்று கேட்டாள்.

அத்தான் அவள் வாயையே பார்த்துவிட்டுச் சொன்னார். “என் காதுதான்மா. உன் மாமன் சரியாத்தான் சொன்னான். எனக்குத்தான் கேக்கல. ஒரு வருஷமாவே கேக்கல.”

அதோடு முடிந்திருக்கும். அவர் பழியைத் தானாகவே தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார், நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சாகும்வரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மழை என் முகத்தில் அடித்தது. நான் சுற்றி வந்து அவருக்கு எதிரே நின்றேன்.

“உங்களுக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சேதான் அத்தான் திரும்பி நின்னு சொன்னேன்.”

என் தலை குனிந்திருந்தது. அவர் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

“மறுபடி சொல்லு,” என்றார்.

சொன்னேன். இந்தத் தடவை அவளுக்கும் கேட்கும்படி சொன்னேன்.