உதிராத சிவப்பு நெல்

காட்டூரில் தருமனின் நிலம் கடலோடு கலக்கும் உப்பு ஏரியை ஒட்டி இருந்தது. புயல் அடிக்கும் வருஷங்களில் உப்புத் தண்ணீர் வயலுக்குள் ஏறிவிடும். அதைத் தாங்கி நின்றது வீட்டில் பரம்பரையாக வைத்திருந்த ஒரு சிவப்பு நெல் மட்டும்தான். அதற்கும் ஒரு குறை உண்டு. முற்றியபின் கதிரைத் தொட்டாலே மணி கொட்டிவிடும். அதனால் பனி ஈரம் காய்வதற்குள் அறுக்க வேண்டும். தருமனின் மனைவி ராஜம்மா இருட்டிலேயே மகள் தெய்வநாயகியை எழுப்பிக் கூட்டிப் போவாள்.

அந்த மகள் தாவரவியல் படித்துவிட்டுச் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். தினமும் அனுப்பம்பட்டில் ரயிலேறிப் போய் வந்தாள். எதை ஆராய ஆசை என்று அங்கே தலைவியாக இருந்த அமுதவல்லி கேட்டபோது, யோசிக்காமல் வீட்டு நெல்லைச் சொன்னாள். அது உப்பைத் தாங்க வேண்டும், ஆனால் உதிரக்கூடாது.

இப்போது பொன்னேரியில் கல்லூரி ஆசிரியையாக இருக்கும் அவளுக்கு அந்த வருஷங்களை நினைத்தால் நெஞ்சு இளகிவிடும். தோகைக்குள் மறைந்திருக்கும் இளங்கதிரை உரித்து, கடுகைவிடச் சிறிய மகரந்தப்பையைக் கண்ணாடியில் நசுக்கிச் சாயம் விட்டுப் பார்ப்பாள். தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் ஜோடி சேர்ந்து, சில இடங்களில் பின்னிக்கொண்டு துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அந்தக் குறுக்கேற்றத்தில்தான் உப்பைத் தாங்கும் குணம் உதிரும் குணத்தைவிட்டுப் பிரிய வேண்டும். பிரியவில்லை. இரண்டு மரபணுக்களும் அவ்வளவு நெருக்கத்தில் இருந்தன. எத்தனை கலப்பு செய்தும், உப்பில் பிழைத்த செடியெல்லாம் உதிர்த்தது. உதிராதது உப்பில் கருகியது.

விட்டுவிடலாம் என்று ஒருநாள் அவள் சொன்னபோது, அமுதவல்லி இரண்டு டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"செடியே இந்தக் குறுக்கேற்றத்தை அடக்கி வெச்சிருக்கு, நாயகி. போதும், இதுக்கு மேல மாத்திக்காதேன்னு தடுக்கற மரபணு இருக்கு. அது கெட்டுப்போன நெல் ஒண்ணு நம்மகிட்ட இருக்கே, அதுல செஞ்சு பாப்போமா?"

கலப்பின் இரு பக்கத்திலும் அந்த மரபணு கெட்டிருந்தால்தான் தடை நீங்கும். அதற்கே சில பருவங்கள் ஓடின. பிறகு நுண்ணோக்கியில் பின்னல்கள் பெருகியிருந்ததைப் பார்த்தபோது இருவரும் மாறி மாறிக் குனிந்து பார்த்தார்கள். அந்தத் தலைமுறையில், உப்புத் தொட்டியில் பச்சையாக நின்ற நாற்றுகளை வளர்த்து, முற்றிய கதிர்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் உலுக்கினாள். ஒரு செடி மட்டும் மணியை விடவில்லை. கெட்ட மரபணுவை மறுபடி கலப்பு செய்து நீக்கி, அந்த விதையை நிலைப்படுத்தியதும் நைனா தருமனிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

முதல் அறுவடையன்று ராஜம்மா வழக்கம்போல் இருட்டில் எழுந்து அரிவாளை எடுத்துக்கொண்டாள். வெயில் ஏறட்டும், அவசரமே இல்லை என்று தருமன் தடுத்தார். அவள் வாசலில் நின்றாள்.

"அப்போ இன்னேரத்துக்கு நான் இன்னா பண்றது?" என்று மகளைக் கேட்டாள்.

அண்ணன் தம்பிகள் தூங்கும் நேரத்தில், அம்மா தனக்கு மட்டும் கிடைத்த விடியல்கள் அவை என்பது தெய்வநாயகிக்கு அப்போதுதான் உறைத்தது. அவற்றைத் தானே முடித்து வைத்துவிட்டோம் என்று தோன்றியது. இருவரும் சும்மா வரப்புவரை நடந்துபோய்த் திரும்பினார்கள்.

அந்த நெல் இப்போது ஆரம்பாக்கத்துப் பக்கமும் சில வயல்களில் நிற்கிறது. அமுதவல்லி ஓய்வு பெற்றதும் ஆய்வுக்கூடத்தைக் கலைத்துவிட்டார்கள். போன தை மாதம் அவர் காட்டூருக்கு வந்தார். ராஜம்மா அந்தச் சிவப்பரிசியைப் பொங்கி இறால் குழம்பு வைத்தாள். சாப்பிட்டு முடித்தும் அமுதவல்லியும் தெய்வநாயகியும் கை கழுவ எழவில்லை. எந்த ஜன்னலோரம் யாருடைய நுண்ணோக்கி இருந்தது, எந்தச் சாயம் புடவையில் போகவே இல்லை என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். சாயங்கால ரயிலைத் தவறவிட்டு, அமுதவல்லி அன்றைக்கு அங்கேயே தங்கினார்.