நல்ல காலின் அளவு

பிசியோதெரபி அறையில் அவளுக்கு 'டேப் அக்கா' என்று பெயர். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். இருபது வருஷமாக விளையாட்டுப் பிள்ளைகளின் முட்டிகளைத்தான் பார்க்கிறாள். பொறுமைசாலி என்று எல்லோரும் மெச்சுவார்கள். மெச்சட்டும்! உள்ளே வயிறு எரிவது யாருக்குத் தெரியும்?

பதினாறு வயதில் அவளும் வாலிபால் ஆடியவள்தான். முட்டிக்குள் ஜவ்வு கிழிந்தது. "சுளுக்குதான், ரெண்டு வாரத்துல சரியாயிடும்" என்றார்கள். எங்கே சரியானது? ஆட்டம் அன்றோடு முடிந்தது. அந்த அறைக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரிந்த கதை அது. இப்போது எதிரே நிற்கிறதே இந்தப் பெண், இதற்கும் பதினாறு, இதற்கும் வாலிபால், இதற்கும் அதே கிழிசல். ஆனால் இதற்கு ஸ்கேன் என்ன, ஆபரேஷன் என்ன, ஒன்பது மாதப் பயிற்சி என்ன! கொடுத்து வைத்த முட்டி.

அன்றைக்குக் கடைசிச் சோதனை. ஒற்றைக் காலில் தாவி அதே காலில் நிற்க வேண்டும். நல்ல கால் தாவும் தூரத்தில் தொண்ணூறு சதவீதத்தை ஆபரேஷன் செய்த கால் எட்டிவிட்டால் கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வுக்குப் போகலாம். நல்ல கால் நூற்று முப்பத்தாறு சென்டிமீட்டர். ஆபரேஷன் செய்த கால் நூற்று முப்பது.

"பாஸ்!" என்று பெண்ணின் அப்பா கைதட்டினார்.

டேப் அக்கா பழைய அட்டையைப் புரட்டினாள். ஆபரேஷனுக்கு முன்னால் அந்த நல்ல கால் நூற்று அறுபது தாவியிருந்தது. ஒன்பது மாதம் ஆடாமல் அதுவும் சோப்ளாங்கி ஆகிவிட்டது. இளைத்த காலோடு ஒப்பிட்டால் எந்தக் காலும் பாஸ்தான். இப்போது களத்தில் இறங்கினால் மறுபடி கிழியும்.

அவளுக்குக் குபீரென்று ஒரு சந்தோஷம். பின்னாலேயே பயம்: இதைச் சொல்வது என் படிப்பா, என் பொறாமையா? மறுபடி தாவச் சொல்லி அளந்தாள். இன்னொரு தடவையும். கணக்கு மாறவில்லை.

"இன்னும் ஆறு வாரம் ஆகும்" என்றாள்.

பெண் வெடித்தாள். "உங்களுக்குப் பொறாமைக்கா! உங்களால ஆட முடியாமப் போச்சுல்ல, அதான்!"

"ஆமாடி, பொறாமைதான். வயித்தெரிச்சல்தான். அதனாலதான் மூணு தடவ அளந்தேன். ஒரு தடவயோட விட்டிருந்தா என்னை நானே நம்பியிருக்க மாட்டேன்."

பெண் தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பாவும் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஆறு வாரம்தானேம்மா? நீ ஆடாம யாரு ஆடப் போறா? தினமும் நானும் கூட வரேன், வா."

டேப் அக்காவுக்கு முட்டி போனபோது, அவள் அப்பா "விட்டது தொல்லை" என்று பந்தை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். இத்தனை வருஷம் ஊரார் முட்டிகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டதெல்லாம் வீண் என்று இப்போதுதான் பட்டது. தரையில் உட்கார்ந்திருந்த அந்த மனுஷனைப் பார்த்துத்தான் அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.