பழனியாண்டி வெட்டிய குழிகள்

இலங்கையில் கலவான பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நேராகக் கான் வெட்டப் பழனியாண்டியை விட்டால் ஆளில்லை. மழைத்தண்ணீர் வடிய மலைச்சரிவில் அவர் இழுக்கும் கானை நூல் பிடித்துப் பார்த்தாலும் கோணல் இருக்காது. அந்தக் கைநேர்த்திதான் 2008இல் அவரை மாட்டிவிடப் பார்த்தது.

அந்த வருஷம் ஒரு சின்ன விமானம் தோட்டத்துக்கும் காட்டுக்கும் மேலே நாலு நாள் போய்வந்தது. பிறகு, பழங்கால இரும்பு உலைகளைத் தேடும் சிங்கள அம்மா, நிலந்தி நோனா, கொழும்பிலிருந்து படத்தோடு வந்தார். மேலிருந்து லேசர் கதிரை இறக்கி, மரம் செடியெல்லாம் நீக்கி, வெறும் தரையை மட்டும் காட்டுகிற படமாம். பற்றை வெட்டி வழிவிடப் பழனியாண்டியை அனுப்பினார் தோட்டத்தை நடத்தும் துரை. நோனா கண்டுபிடிப்பதையெல்லாம் எழுதி ராணுவ முகாமுக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

படத்தில் ஒரு நீள்சதுரப் பள்ளம். பழனியாண்டி பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். எண்பத்து மூன்று கலவரத்தில் தமிழர் குடியிருக்கும் லயத்துக்குத் தீ வைக்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பெண்டாட்டி பிள்ளையோடு ஒளிய அவரே வெட்டிய குழி அது. பக்கத்து வீட்டுக்குக்கூட மூச்சு விடவில்லை. அந்த வெட்கம் இன்னும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. இப்போதோ ராணுவம் புலிகளோடு மோதும் சண்டைக் காலம். காட்டுக்குள் தமிழன் வெட்டிய குழி என்றால் முகாமில் விளக்கம் கேட்டுக்கொண்டா இருப்பார்கள்? போன மாதம் ராணுவம் ஏற்றிக்கொண்டு போன மேல் டிவிஷன் கஜேந்திரன் இன்னும் திரும்பவில்லை.

நோனாவை வேறு பக்கம் கூட்டிப் போகப் பார்த்தார். நோனா கையிலிருந்த இடம் காட்டும் கருவி விடவில்லை. குழிக்குள் இறங்கிச் சருகைத் தள்ளிய நோனா, இத்தனை மழைக்கும் இடியாத மூலையைத் தடவினார்.

“இது உலை இல்ல. இவ்வளவு நேரா யாரு வெட்டினது?” என்று சிங்களத்தில் கேட்டார்.

இப்படி வெட்ட வேறு ஆளில்லை என்று தோட்டமே சொல்லிவிடும் என்பதால், பழனியாண்டி சிங்களத்திலேயே ஒப்புக்கொண்டார். “எண்பத்து மூணுல நான் வெட்டினதுங்க நோனா. மூணு நாள் உள்ள இருந்தோம்.”

நோனா குழியிலிருந்து ஏறி வந்தார். பிறகு படத்தை விரித்தார். காட்டோரமாக இன்னும் பதினொரு பள்ளங்கள். “அப்போ இதெல்லாம்?”

ஒன்று வட்டம், ஒன்று பாதியில் நின்றது, ஒன்று கோணல்மாணல். எது எந்த வீட்டுக்குப் பின்னால் என்று அவருக்குத் தெரிந்தது. கந்தையா வீடு, இராமசாமி வீடு, புஷ்பம் வீடு. இருபத்தைந்து வருஷமாக ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள். அவரைப் போலவே ஒளியக் குழி வெட்டிவிட்டு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சொன்னால் அத்தனை வீடும் முகாமுக்குப் போகும் பிரதியில் ஏறிவிடும்.

“எல்லாம் நான்தாங்க வெட்டினேன். வேற யாருக்கும் தெரியாது.”

நோனா படத்தில் கோணல் குழியின் மேல் விரலை வைத்தார். “இதுவுமா?”

“பயத்துல கை ஆடிப்போச்சுங்க,” என்றார், வாழ்நாளில் ஒரு கானைக்கூடக் கோணலாக வெட்டாத பழனியாண்டி.