முறுக்காமல் விட்ட கம்பி

என் நாத்தனாருக்கு அவள் வேலை பார்த்த கம்பெனியில் முறுக்கம்மா என்று பெயர். கம்பியை நன்றாக முறுக்குவாள், கோபம் வந்தால் தானும் முறுக்கிக்கொள்வாள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயராக வைத்துவிட்டார்கள். பதினோரு வருடம் தொலைபேசிக் கம்பங்களில் ஏறி இறங்கியவள், அந்த வேலை போன பிறகு நாய்களுக்கு எல்லை போடும் கம்பெனியில் சேர்ந்தாள்.

நாய்க்கு எல்லையா என்று நானும் முதலில் சிரித்தேன். எங்கள் பக்கத்துப் புதுக் குடியிருப்புகளில் மதில் எழுப்ப அனுமதி இல்லை. வாசலில் புல்தரை, அதைத் தாண்டினால் தெரு. நாய் ஓடிவிடாமலிருக்கத் தோட்டத்தைச் சுற்றி மண்ணுக்கடியில் ஒரு கம்பியைப் புதைப்பார்கள். அதன் இரு முனைகளும் வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெட்டிக்கு வந்து சேரும். நாயின் கழுத்துப் பட்டையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. கம்பியை நெருங்கினால் முதலில் அது கீச்சென்று கத்தும். மீறிப் போனால் கழுத்தில் சுளீரென்று ஷாக் அடிக்கும். எல்லையில் சின்னக் கொடிகளை நட்டு, இரண்டு வாரம் கயிற்றில் பிடித்துப் பழக்கினால் பெரும்பாலான நாய்கள் கீச்சுச் சத்தத்திலேயே திரும்பிவிடும் என்பாள்.

ஒரு விஷயத்தில் அவள் கறார். பெட்டியிலிருந்து எல்லைவரை போகும் இரண்டு இழைகளையும் ஒன்றோடொன்று முறுக்கித்தான் புதைக்க வேண்டும். முறுக்கினால் அந்த வழியில் கருவி ஊமையாகிவிடும். முறுக்காவிட்டால் அதுவும் இன்னொரு எல்லை. நாய்க்குத் தன் வீட்டு நடுவிலேயே அடி விழும்.

போன வருடம் முதலாளி ஒரு புது உத்தரவு போட்டார். “முறுக்க அரை மணி நேரம் போகுதும்மா. ரெண்டையும் அப்படியே போட்டு மண்ணைத் தள்ளு. எந்த நாய் வந்து எண்ணிப் பாக்கப் போகுது?”

ஒரு வாரம் சண்டை போட்டாள். ஊரோடு ஒத்துப் போ என்று நானும் என் கணவரும்தான் அவள் வாயை அடைத்தோம். அந்தப் பாவத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. நான்கு வீடுகளில் முறுக்காமல் போட்டாள்.

பிறகு ஒரு பல் டாக்டர் வீட்டிலிருந்து புகார் வந்தது. அங்கே கம்பி போட்டது வேறு ஆள். நாய் வீட்டுக்குள் வர மறுக்கிறதாம். முதலாளி போனில் சொன்னார்: “பட்டையை மாத்திக் கொடு. நாய் பிடிவாதம், பயிற்சி வகுப்பில சேருங்கன்னு சொல்லிட்டு வா.”

இவள் போனபோது மழை. செவலை நிற நாய் ஒன்று தோட்டத்து மூலையில் நனைந்துகொண்டு நின்றது. பின்வாசல் படியில் சோற்றுத் தட்டு. டாக்டர் கதவருகே நின்று சலித்துக்கொண்டார். “சுத்த மக்குங்க இந்த நாய். அஞ்சு வாரமா படியேற மாட்டேங்குது. கூப்பிட்டாப் பத்தடி தள்ளி நின்னு அழுவுது. ரெண்டு தடவை செருப்பால கூட அடிச்சுப் பாத்துட்டேன்.”

அவள் நாயிடம் போய்ப் பட்டையைக் கழற்றினாள். கருவியின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு உலோக முளைகளும் அழுந்திய இடத்தில் முடி உதிர்ந்து, இரண்டு புண்கள் ஈரமாக இருந்தன. கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலை நோக்கி நடந்தாள். படிக்கு நான்கடி முன்னால் கீச்சென்றது. முளைகளை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு அடுத்த அடி வைத்தாள். முழங்கைவரை வெட்டி இழுத்தது.

“லேசாக் கூசும்னுதானே சொன்னாங்க?” என்றார் டாக்டர்.

“கையை நீட்டுங்க சார், கூசுதான்னு பாப்போம்.”

அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வெளியே போனா அடி, உள்ளே வந்தாலும் அடி. வரலைன்னா உங்க செருப்பு. அது எங்க சார் போகும்? மக்கு யாரு?”

மழையிலேயே மண்ணைக் கிளறினாள். அவள் நினைத்ததுதான். இரண்டு இழைகளும் வாசற்படிக்கடியில் ஒன்றையொன்று தொடாமல் கிடந்தன. முறுக்கிப் புதைத்துவிட்டு நேரே ஆபீஸுக்குப் போனாள். உத்தரவுக்குப் பிறகு கம்பி போட்ட எல்லா வீடுகளின் பட்டியலையும் கேட்டாள்.

முதலாளி சிரித்தார். “மத்த வீட்டுல எல்லாம் நாய் வாயைத் திறந்து சொல்லுச்சா?”

“அதுக்குத்தான் வாயில்ல. நமக்கு இருக்கில்ல?”

“இருக்கிற வாயை மூடிக்கிட்டு வேலை செய்யுறதுன்னா செய். இல்லன்னா நாளையிலிருந்து வராதே.”

மறுநாளிலிருந்து அவள் போகவில்லை. பட்டியல் கிடைக்காவிட்டால் என்ன, தான் போட்ட நான்கு வீடுகள் அவளுக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கருவிப் பையை நான் தூக்கிக்கொண்டு போனேன்.

முதல் இரண்டு வீடுகளில் விஷயத்தைக் கேட்டுவிட்டு வழிவிட்டார்கள். மூன்றாவது வீட்டுக்காரர், “கம்பெனி அனுப்பலைன்னா என் புல்லைத் தொடாதீங்க” என்று கதவைச் சாத்தினார். நான்காவது வீட்டில் நாயே இல்லை.

“கொடுத்துட்டோம்மா” என்றாள் அந்த வீட்டுப் பெண். “நல்லாத்தான் இருந்துது. திடீர்னு வாசப்படி பக்கம் யார் போனாலும் பாய ஆரம்பிச்சுது. என் மாமனார் காலைக் கடிச்சிடுச்சு. யாரோ ஒருத்தர் வண்டியில வந்து கூட்டிட்டுப் போனார்.”

“எங்கேம்மா கூட்டிட்டுப் போனார்?”

“தெரியலையே.”

படியருகே அடிபடும்போதெல்லாம் எதிரில் யார் நிற்கிறார்களோ அவர்தான் தன்னை அடிக்கிறார் என்று அந்த நாய் நினைத்திருக்கும். இதை நாத்தனார் அந்தப் பெண்ணிடமும் மறைக்கவில்லை. “தப்பு உங்க நாய் மேல இல்லம்மா. என் மேல. நான்தான் போட்டேன்” என்றாள். அந்தப் பெண் உள்ளே போய்விட்டாள். திரும்பும் வழியெல்லாம் இவள் மண்வெட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டே வந்தாள்.

“அண்ணி, அவன் சொன்னான், நான் செஞ்சேன். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?”

“இருக்கு. நல்லாத் திட்டு” என்றேன்.

பல் டாக்டர் ஒரு நல்ல காரியம் செய்தார். நடந்ததையெல்லாம் எழுதி, தான் செருப்பால் அடித்ததையும் விடாமல் எழுதி, குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். தினமும் சாயங்காலம் படியில் உட்கார்ந்து நாயைக் கூப்பிட்டார். பத்தொன்பதாவது நாள் அது அவர் முழங்கால்வரை வந்ததாம். இன்றும் பின்வாசல் வழியாக உள்ளே போகாதாம். சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குத்தான் போகுமாம்.

அந்த அறிவிப்பால் கம்பெனிக்கு நெருக்கடி வந்தது. எல்லா வீடுகளுக்கும் ஆள் போய்க் கம்பியைத் தோண்டி முறுக்கினார்கள். வீட்டுக்கு வீடு ஒரு வண்ணத் துண்டுச்சீட்டும் கொடுத்தார்கள்: “உங்கள் செல்லத்தின் நலனுக்காக எங்கள் இலவச மேம்பாடு!” தப்பு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. மன்னிப்பும் இல்லை. முதலாளி ஒரு நாய்க்குட்டியை அணைத்துக்கொண்டு சிரிக்கும் படம் இருந்தது.

நாத்தனார் இப்போது லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறாள். அந்தச் சீட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். என் கணவர் படித்துவிட்டு, “எப்படியோ வேலை நடந்துச்சே, விடேன்” என்றார்.

இரண்டு நாள் அண்ணனோடு அவள் பேசவில்லை. நானும்தான்.