கலியாணத்துக்குப் பிந்தி வந்த மாப்பிள்ளை

நாற்பத்தெட்டாம் ஆண்டு பெப்ரவரியில் வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன நாளில் உங்கள் பாட்டன்மார் என்ன செய்தார்கள் என்று கேட்டால், மற்ற வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏதாவது சொல்வார்கள். ஒருவர் ஊர்வலத்தில் போயிருப்பார், இன்னொருவர் நின்று கைதட்டியாவது இருப்பார். எங்கள் அப்பப்பா அன்றைக்குச் செய்ததாக எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தன் கலியாணத்துக்குப் போகாமல் விட்டார்.

அடுத்த நாள் காலை வந்து தாலி கட்டிவிட்டார், அது வேறு விஷயம். ஆனால் பேசாலையில் பெண் வீட்டார் ஆடு அடித்துச் சமைத்து, அப்பம்மா கூறைச்சேலை உடுத்து, கோயில் வாசலில் பங்குச் சாமியார் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதெல்லாம் அதற்கு முதல் நாள். அடுத்த கிழமை எங்கள் கத்தோலிக்கருக்குத் தபசு காலம், அந்த நாற்பது நாள் நோன்பு, தொடங்கிவிடும். பிறகு ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாள் வரைக்கும் கோயிலில் கலியாணம் கிடையாது. அந்தப் பகல் முழுக்க அப்பம்மா செத்துச் செத்துப் பிழைத்திருப்பா.

ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு அப்பப்பா சொன்ன பதில்: "காத்துச் சரியில்லை." விடத்தல்தீவிலிருந்து பாய்வள்ளத்தில் வரவேண்டியவர் சொல்லக்கூடிய நியாயம்தான். ஆனால் அதைச் சொன்னது ஒரு மீன்பிடிகாரரின் மகளிடம். அந்த மாதத்து வாடைக்காற்று அங்கிருந்து வருகிற வள்ளத்தை முதுகில் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்துவிடும் என்று அவவுக்குத் தெரியாதா? அன்றிலிருந்து சாகும்வரை, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு அவர் கொஞ்சம் சுணங்கினால் போதும், "கலியாணத்துக்கே பிந்தி வந்த மனிசன்தானே!" என்று குசினியிலிருந்து குரல் வரும். அப்பப்பா வந்து குனிந்த தலையோடு சோற்றைப் பிசைவார்.

எங்களுக்கு இது பகிடி. அவர்களுடைய மூத்த மகளான என் மாமிக்கு இது பகிடியே இல்லை. போன வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஐயா அம்மாவை விருப்பமில்லாமத்தான் கட்டினவரோ? ஆரும் இழுத்துக்கொண்டு வந்து கட்டிவச்சதோ? சாக முந்தி எனக்குத் தெரியோணும்" என்றா. பேரப்பிள்ளைகள் கண்ட மனுஷிக்குத் தாய்தகப்பன்மேல் வந்த சந்தேகத்தைப் பாருங்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் விடத்தல்தீவுக்கு பஸ் ஏறினேன்.

அங்கே அப்பப்பாவின் கடைசித் தங்கை இருக்கிறா. அந்தக் கலியாணத்துக்குத் தோழிப் பிள்ளையாக உடுத்திக்கொண்டு நின்ற சிறுமி. இப்போது பல் இல்லை, குரல் மட்டும் குறையவில்லை. தேத்தண்ணியைக் கையில் வாங்க முன்னரே சொல்லிவிட்டேன்: "மாமி நித்திரையில்லாம இருக்கிறா. நீங்களும் காத்து எண்டு சொல்லாதேங்கோ."

அவ சிரித்துவிட்டுச் சொன்னா. அன்று விடியற்காலை பள்ளிக்கூட மாஸ்டருக்குச் சுதந்திரக் கொடி ஏற்ற வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கம்பம் இல்லை. ஆகவே கோயில் முற்றத்தில், பெருநாளுக்குக் கொடியேற்றுகிற கொடிமரத்தில் ஏற்றிவிட்டு, மன்னார் டவுனில் கூட்டம் என்று ஓடிவிட்டார். வள்ளத்தில் ஏறப்போன மாப்பிள்ளை வீட்டார் அண்ணாந்து பார்த்தார்கள். எங்கள் கரையில் கோயில் கொடி ஏறினால், அது இறங்கும்வரை ஊரெல்லையைத் தாண்டக்கூடாது. அதைக் காப்பாற்றவேண்டிய கோயில் மூப்பர் வேறு யாருமில்லை, மாப்பிள்ளையின் தகப்பன்.

"எந்தக் கொடியெண்டாலும் கொடிதான். வள்ளத்தைக் கரையில இழு" என்றுவிட்டார்.

எப்போது இறங்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. எந்தப் புனிதரின் பெருநாள் என்றுகூடத் தெரியாது. பின்னேரம் மாஸ்டர் திரும்பி வந்ததும் ஊரே ஓடிப்போய்க் கேட்டது. மனிதர் பூரித்துப்போய் நின்றாராம். "இனி இந்தக் கொடி இறங்காது!"

சனம் கைதட்டியது. மாப்பிள்ளையின் முகத்தில்தான் ஈயாடவில்லை.

மாஸ்டர் குளிக்கப் போன நேரம் பார்த்து அப்பப்பா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கொடிமரத்துக் கயிற்றை அவிழ்த்தார். கள்ளத்தனமாகச் செய்தாலும் முறை தவறவில்லை. பெருநாள் கொடியை இறக்குகிற மாதிரியே ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லி, நிலத்தில் படாமல் இறக்கி, ஒரு தலைப்பைத் தங்கச்சியிடம் பிடிக்கக் கொடுத்து மடித்தார். தகப்பன் வந்து வெறும் மரத்தைப் பார்த்தார். யார் இறக்கியது என்று கேட்கவில்லை.

"இறங்கிட்டுதோ? அப்ப பாயை ஏத்து."

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த அன்றே அதன் கொடியை இறக்கியவர் எங்கள் அப்பப்பா! பொலிஸ் பிடிக்கும் என்று பயந்து, தங்கச்சியிடம் அந்தோனியார்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வள்ளம் ஏறினாராம். கூட வந்தவர்களும் கேட்டவர்களிடம் காத்து என்றே சொல்லிவைத்தார்களாம். அப்பம்மாவிடமும் மூச்சு விடவில்லை. அவவிடம் சொன்னால் பேசாலை முழுவதற்கும் சொன்ன மாதிரி.

"அவர் செத்த பிறகெண்டாலும் சொல்லியிருக்கலாமே?" என்றேன். எனக்குக் கோபம்தான். மாமி எத்தனை காலம் இதைச் சுமந்திருக்கிறா.

"பிறகு சண்டை தொடங்கிட்டுது. எந்தக் காலத்தில மோனை இஞ்ச கொடியைப் பற்றிக் கதைக்கக்கூடியதா இருந்தது?"

ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினேன்.

நான் திரும்பி வந்து சொன்னதை மாமி முழுக்கக் கேட்டா. சேலை மாற்றிக்கொண்டு வந்து, "சேமக்காலைக்குப் போவம்" என்றா. எங்கள் ஆட்கள் கல்லறைத் தோட்டத்தை அப்படித்தான் சொல்வார்கள். இருவரையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில்தான் அடக்கியிருக்கிறது. தகப்பனிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறா என்று நினைத்தேன். அவ நேரே தாயின் கல்லறைக்குப் போய், இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றா.

"அம்மா, அது காத்தில்லையாம். உங்களிட்ட வரவேணுமெண்டு அரசாங்கத்தின்ர கொடியை இறக்கிப்போட்டு வந்த மனிசனாம்" என்று சொல்லும்போதே குரல் உடைந்தது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மாமி இன்னும் உரத்துச் சொன்னா:

"நீங்கள் அந்தாளை ஒருநாளெண்டாலும் நிம்மதியாச் சோறு தின்ன விட்டனீங்களோ?"